ஜூதத் தெரு மருமகள்

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் எங்கள் வீட்டில் ஒரு சின்ன யுத்தம் நடந்தது. காரணம், பரண் மேல் இருந்த பாத்திரங்கள்.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வருஷா வருஷம் மார்கழிக் கடைசியில் பரணிலிருந்து வெண்கலப் பானை, உருளி, சருவச் சட்டி, கும்பா என்று சகலத்தையும் இறக்கிப் புளி போட்டு விளக்கி, வீட்டுக்கு வெள்ளையடித்து, புறவாசல் வரை கழுவி விட்டால்தான் எனக்குப் பொங்கல் வந்த மாதிரி இருக்கும். இந்த வருஷம் கூடமாட ஒத்தாசைக்கு மருமகள் இருந்தாள். கோமதி என்று பெயர். ஆவணியில்தான் கல்யாணம் ஆயிற்று. சென்னையில் கம்ப்யூட்டர் உத்தியோகம். சித்திரை பிறந்ததும் என் மகனோடு ஜெர்மனிக்குப் போகப் போகிறவள்.

நல்ல பெண்தான். ஆனால் கேள்வி கேட்கிற பெண்.

"அத்தை, பொங்கல் வைக்கப் போறது ரெண்டு பானையிலே. மீதி பதினேழு பாத்திரத்தையும் எதுக்கு விளக்கணும்?" என்றாள்.

"விளக்காம வச்சா வீட்டுக்கு ஆகாதும்மா" என்றேன்.

"ஆகாதுன்னா என்ன ஆகும் அத்தை?"

எனக்குப் பதில் தெரியவில்லை. என் மாமியார் 'ஆகாது' என்று சொன்னபோது நான் திருப்பிக் கேட்டதில்லை. பத்திரிகைக்குப் பின்னாலிருந்த என் வீட்டுக்காரர், சம்மன் இல்லாமலே ஆஜராகி, "முப்பது வருஷமா நானும் இதையேதான் கேட்க நினைச்சேன். தைரியம் வரலை" என்றார். கோமதி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பதினேழு பாத்திரத்தையும் நானே விளக்கினேன். அவளும் பிற்பாடு வந்து உட்கார்ந்து கொண்டாள். ஆனால் இருவருக்கும் நடுவில் அந்தப் புளித் தண்ணீரைப் போல ஒரு கலங்கல் இருந்தது.

இந்த நிலையில்தான், தை மாதக் கடைசியில், எர்ணாகுளத்தில் என் வீட்டுக்காரரின் சிநேகிதர் வீட்டுக் கல்யாணம் வந்தது. அவருக்கு முழங்கால் வலி. "நீயும் மருமகளும் போய் வாங்க. அப்படியே ரெண்டு நாள் தங்கி ஊரைப் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். யுத்தத்துக்கு அவர் செய்த சமாதான ஏற்பாடு அது என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

மலைக்கு அந்தப் பக்கம்

திருநெல்வேலி வழியாகப் பாலக்காட்டுக்குப் போகும் பாலருவி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினோம். அம்பாசமுத்திரம், தென்காசி, செங்கோட்டை என்று தாமிரபரணிச் சீமையை முடித்துக் கொண்டு, ரயில் மலைக்குள் நுழைகிறது. 1904-ல் திறந்த மீட்டர்கேஜ் பாதை, 2018-ல் அகலப்பாதையாகி மறுபடி திறந்தது. குகைகளையும் பேர்பெற்ற பதிமூன்று கண் பாலத்தையும் இருட்டிலே தாண்டினோம். விடிகிற நேரத்தில் ஜன்னலைத் திறந்தால் தென்னையும் காயலும்தான்.

கோமதி தூங்கவில்லை. ஒரு புத்தகம் படித்துக் கொண்டிருந்தாள். கொச்சிக்குப் போகிறோம் என்றதும் தேடிப் பிடித்து வாங்கிய புத்தகமாம். கொச்சி மட்டாஞ்சேரியில் 1912-ல் பிறந்த ரூபி டேனியல் என்ற யூதப் பெண்மணி தம் பாட்டி காலத்துக் கதைகளையும் தம் கதையையும் சொல்ல, அமெரிக்கப் பேராசிரியை பார்பரா ஜான்சன் கூடவிருந்து எழுதி, 1995-ல் வெளிவந்தது. ரூபி அம்மாள் யுத்த காலத்தில் இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவர். 1951-ல் இஸ்ரேலுக்குக் குடியேறியவர்.

"யூதர்களுக்கும் நம்ம ஊருக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"இருக்கு அத்தை. இடையன்குடியிலே இருந்தாரே கால்டுவெல், அவரே எழுதியிருக்கார். சாலமோன் ராஜாவுக்குக் கப்பலிலே மயில் வந்ததுன்னு பைபிளிலே இருக்கில்ல? அந்த எபிரேய மூலத்திலே மயிலுக்கு 'துகி'ன்னு வார்த்தை. அது நம்ம 'தோகை'தானாம்" என்றாள்.

பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். சாலமோன் ராஜாவின் மயிலையும், பஸ்கா பண்டிகையையும், கூடாரப் பண்டிகையையும் வேதபாட வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் அந்தப் பண்டிகைகளைச் சேலை மாதிரி முண்டு உடுத்தி, தேங்காய் துருவி, மலையாளம் பேசிக் கொண்டு கொண்டாடிய பெண்கள் ஒரு ராத்திரிப் பிரயாண தூரத்தில் இருந்தார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

பரதேசி என்றால் பிச்சைக்காரன் இல்லை

எர்ணாகுளத்துப் படகுத்துறையிலிருந்து படகில் கோட்டைக் கொச்சிக்குப் போய், அங்கிருந்து ஆட்டோவில் மட்டாஞ்சேரி போனோம். ஜூதத் தெரு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். குறுகலான தெரு. இரண்டு பக்கமும் ஓடு வேய்ந்த மாடி வீடுகள், ஒன்றோடொன்று தோள் உரசிக் கொண்டு நிற்கின்றன. ஏலக்காய், சுக்கு, மிளகு வாசனை மூக்கைத் துளைக்கிறது. ஒரு காலத்தில் யூதக் குடும்பங்கள் இருந்த வீடுகளில் இப்போது பழம்பொருள் கடைகளும் சால்வைக் கடைகளும். சில ஜன்னல்களில் மட்டும் அறுகோண நட்சத்திரம் பாக்கி இருக்கிறது.

தெருக்கோடியில் மணிக்கூண்டும் அதையடுத்து ஜெப ஆலயமும். பெயர், பரதேசி ஜெப ஆலயம். நம் பக்கத்தில் ஒருவரைப் பரதேசி என்றால் சண்டைக்கு வருவார். இங்கே அதற்கு வெளிதேசத்தார் என்றுதான் அர்த்தம். ஸ்பெயின் தேசத்தில் 1492-ல் யூதர்களை ஊரைவிட்டுத் துரத்தியபோது சிதறியவர்களில் சிலரும், வேறு பல ஊர்களிலிருந்து வந்தவர்களும் கொச்சி ராஜாவிடம் அடைக்கலம் கேட்டார்கள். ராஜா தம் அரண்மனையையும் கோயிலையும் ஒட்டியே இடம் கொடுத்தார். 1568-ல் இந்த ஆலயம் எழுந்தது. 1662-ல் போர்த்துக்கீசியர் இதைச் சேதப்படுத்த, பின்னால் டச்சுக்காரர் காலத்தில் திரும்பவும் புதுப்பித்தார்கள். 1968-ல் நானூறாவது ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்திருந்தார். தபால் தலையும் வெளியிட்டார்கள்.

இவர்களுக்கும் எத்தனையோ காலம் முன்னாலிருந்தே மலபார் யூதர்கள் இங்கே இருந்தார்கள். கி.பி. 1000-ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு எழுதிக் கொடுத்தான். பகல் விளக்கு, பாவாடை, குடை, தோரணம் முதலான மரியாதைகளோடு 72 உரிமைகள். பாவாடை என்றால் நடந்து வர விரிக்கும் துணி. எழுதியிருப்பது வட்டெழுத்தில். நம் பாண்டி நாட்டுக் கோயில் சுவர்களில் இருக்கிற அதே எழுத்து!

ஆலயத்துக்குள் நம் கோயிலைப் போலவே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வெள்ளைக்காரப் பயணிகள் சாக்ஸோடு தயங்கித் தயங்கி நடக்க, நாங்கள் இருவரும் ஜாம் ஜாமென்று நுழைந்தோம். காலுக்குக் கீழே சீனாவிலிருந்து வந்த நீல ஓடுகள்; கையால் சித்திரம் எழுதியவை. தலைக்கு மேலே பெல்ஜியம் கண்ணாடி விளக்குகளும் எண்ணெய் விளக்குகளும். நடுவில் பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மேடை. எதிரே வேதச் சுருள்கள் இருக்கும் பெட்டகம்.

பெண்களுக்கு இடம் மாடியில். கொச்சி ஆலயங்களில் ஒரு விசேஷம் உண்டு. மாடியிலும் ஒரு மேடை. ஓய்வு நாளிலும் பண்டிகையிலும் வேதம் வாசிப்பது அங்கேதான். அதற்குப் பின்னால் ஒரு மர அழி. அதற்கும் பின்னால் பெண்கள். ஆக, பெண்களை மாடிக்கு அனுப்பிவிட்டாலும், வேதம் அவர்கள் காதருகே வந்து விடுகிறது!

ஒரு மருமகளின் வருஷம்

ஜெப ஆலயத்திலிருந்து வெளியே வந்து, பக்கத்துத் திண்ணை ஒன்றில் உட்கார்ந்தோம். கோமதி புத்தகத்தில் படித்ததையும், அங்கே கேட்டதையும் சேர்த்துச் சொல்லச் சொல்ல, நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தெருவுக்கு வாழ வந்த ஒரு பெண் என் கண் முன்னால் நடமாட ஆரம்பித்தாள். நீங்களும் அவளைக் கொஞ்சம் மனத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள்.

கழுத்தில் தாலி போட்டுக் கொண்டு வருகிறாள். ஆமாம், கொச்சி யூதப் பெண்களுக்கும் தாலி உண்டு. கல்யாண வீட்டில் நாள் கணக்கில் பெண்கள் மலையாளத்தில் பாடுகிறார்கள்.

வந்த முதல் வாரமே வெள்ளிக்கிழமை அவளுக்குப் பரீட்சை. வெள்ளி சூரியன் சாய்ந்ததிலிருந்து சனி இரவு வரை அடுப்பு மூட்டக் கூடாது, விளக்கு ஏற்றக் கூடாது. ஆகவே வெள்ளி மத்தியானத்துக்குள் இரண்டு நாள் சமையல், குளியல், துவையல் எல்லாம் முடிய வேண்டும். உலர்ந்த திராட்சையில் செய்த ரசம் தயாராக வேண்டும். கடைசியில், பொழுது சாய்வதற்குள் தேங்காய் எண்ணெய் விளக்கை ஏற்றிக் கண்ணை மூடி நிற்கிறாள். வெள்ளிக்கிழமை விளக்கு! நம் வீட்டுப் பெண்ணுக்கு இதைத் தனியே விளக்கிச் சொல்ல வேண்டுமா, என்ன?

சமையலிலும் சட்டம் உண்டு. மாமிசத்தையும் பாலையும் சேர்க்கக் கூடாது. பாத்திரமும் தனித் தனி. செதிளும் துடுப்பும் உள்ள மீன் ஆகும், இறால் ஆகாது. பாலும் தயிரும் வெண்ணெயும் இல்லாமல் குழம்புக்கு எப்படி ருசி ஏற்றுவது? பெர்ஷியாவிலும் ஸ்பெயினிலும் இருந்த யூதப் பெண்கள் இதற்கு என்ன செய்தார்களோ, கொச்சி மருமகளுக்குக் கவலையே இல்லை. புறவாசலில் தென்னை நிற்கிறது. தேங்காய்ப் பால் பார்வைக்குப் பால், சாஸ்திரத்துக்குக் காய்!

"அத்தை, நம்ம சொதி!" என்றாள் கோமதி.

சொதியைச் சொன்னால் திருநெல்வேலிக்காரிக்கு நாக்கு ஊறாமல் இருக்குமா? கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்தில், முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிரித்துப் பிழிந்து, இஞ்சித் துவையலோடு பரிமாறும் சொதி. கோமதியின் அம்மா வைத்த சொதியைப் பற்றி நான் அன்றைக்குச் சொன்ன அபிப்பிராயம் இருக்கிறதே, அது இங்கே வேண்டாம்.

புரட்டாசி, ஐப்பசியில் பண்டிகைக் கூட்டம். வருஷப் பிறப்பு, பத்தாம் நாள் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் பாவ மன்னிப்பு உபவாசம், பிறகு கூடாரப் பண்டிகை. தென்னங்கீற்று முடைந்து பந்தல் போட்டு, ஏழு நாள் அதற்குள்தான் சாப்பாடு. அதன் முடிவில் வேதத் திருநாள். வேதச் சுருள்களைப் பெட்டகத்திலிருந்து எடுத்து, பட்டும் வெள்ளியுமாகத் தாற்காலிக மண்டபம் கட்டி வைப்பார்கள். மல்லிகைச் சரம் தொங்கும். எண்ணெய் விளக்குகள் ஜொலிக்கும். பாட்டும் ஆட்டமுமாக, வேதச் சுருளைத் தூக்கிக் கொண்டு ஆலயத்துக்கு வெளியே வந்து பிரதட்சிணம் செய்வார்கள். ஆலயத்துக்கு வெளியே வலம் வருவது கொச்சியின் தனி வழக்கமாம். ஆனித் தேரோட்டத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, ஏன் அப்படி என்று கேட்கத் தோன்றவில்லை.

நூறு நாள் அரிசி

இத்தனையும் ஒரு தட்டு, பஸ்கா ஒரு தட்டு. எகிப்து தேசத்து அடிமைத்தனத்திலிருந்து முன்னோர்கள் இரவோடிரவாகப் புறப்பட்டார்கள்; மாவு புளிக்கக் கூட நேரமில்லை. அந்த ஞாபகத்துக்குத்தான் புளிப்பில்லாத அப்பம். பங்குனி, சித்திரையில் எட்டு நாள் வீட்டில் புளித்த மாவின் தூசி கூட இருக்கக் கூடாது.

எட்டு நாளுக்கு எத்தனை நாள் தயாரிப்பு என்று நினைக்கிறீர்கள்? ஏறக்குறைய நூறு நாள்! மார்கழியை ஒட்டி வரும் விளக்குப் பண்டிகை முடிந்ததும் ஆரம்பம். வீடு முழுக்கச் சுரண்டி வெள்ளையடிக்க வேண்டும். கிணற்றை இறைத்துத் தூர் வார வேண்டும். செம்புப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வேண்டும். பஸ்காவுக்கென்று உள்ள பாத்திரங்கள் தனி. வருஷம் பூராவும் அவை பூட்டிய அறையில் இருக்கும். மசாலாச் சாமான்களைக் கழுவி, உலர்த்தி, புதிதாக இடிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே அரிசி. ஐரோப்பிய யூதர்கள் பல பேர் பஸ்காவில் அரிசி சாப்பிடுவதில்லை. கொச்சியில் அரிசி இல்லாமல் எட்டு நாள் எப்படித் தள்ளுவது? ஆகவே அரிசி உண்டு. ஆனால் சுளகில் பரப்பி, ஒவ்வொரு அரிசியாகப் பார்த்து, உடைந்ததையும் கீறல் விழுந்ததையும் பொறுக்கி எறிய வேண்டும். கீறலுக்குள் அசுத்தம் ஒளிந்திருக்குமாம். குடும்பத்துக்கு எட்டு நாளைக்கு எத்தனை படி அரிசி, அதில் எத்தனை மணி என்று நினைத்துப் பாருங்கள். கல்யாணமாகி வந்த முதல் வருஷத்து மருமகள், மாமியாருக்கு எதிரே சுளகோடு உட்கார்ந்து அரிசி பார்க்கிறாள்.

அப்பம் சுடுவதற்கு ஆணும் பெண்ணுமாகக் கூடுவார்கள். மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிஷத்துக்குள் அது அடுப்பிலிருந்து வெந்து வெளியே வந்தாக வேண்டும். தாண்டினால் புளிப்பு!

அப்புறம் கோமதி ஒரு விஷயம் சொன்னாள். அந்த நூறு நாளில் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும், புருஷன் உயிருக்கும் குழந்தைகள் உயிருக்கும் ஆபத்து என்று கொச்சிப் பெண்கள் நம்பினார்களாம்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "அங்கேயும் 'ஆகாது'தான் அத்தை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மருமகளின் முதுகு வலி எனக்குத் தெரிந்தது. அதைவிட, அவளுடைய பயம் தெரிந்தது. சுத்தம் ஆண்டவனுக்காக என்றால் சந்தோஷமாகச் செய்யலாம். புருஷன் உயிருக்காக என்றால் கை நடுங்கும் அல்லவா? நாங்கள் போனது அந்த நூறு நாட்களின் நடுவில்தான். ஆனால் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் சுளகு சத்தம் கேட்கவில்லை.

காலியான தெரு

1948-ல் கேரளத்து யூதர்கள் ஏறக்குறைய 2,500 பேர். எட்டு ஆலயங்கள். இஸ்ரேல் என்று ஒரு தேசம் பிறந்ததும், 1950-களின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலோர் கப்பலும் விமானமும் ஏறிவிட்டார்கள். இங்கே யாரும் அவர்களை விரட்டவில்லை. ஆயிரம் வருஷம் 'அடுத்த வருஷம் ஜெருசலேமில்' என்று பஸ்கா இரவில் வேண்டிக் கொண்டவர்கள். வழி திறந்ததும் போனார்கள்.

எல்லாம் பாலும் தேனுமாக இருந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். பரதேசி யூதர்கள், தங்களிடம் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்களின் வம்சத்தாரைத் தங்களோடு சமமாக உட்காரவிடவில்லை. பெண் கொடுக்கல் வாங்கலும் இல்லை. அந்த வம்சத்தில் பிறந்த வக்கீல் ஏ. பி. சாலம், காந்தியடிகளின் சத்தியாக்கிரக வழியில் ஆலயத்துக்குள்ளேயே போராடினார். 'யூத காந்தி' என்று அவருக்குப் பேர். ரூபி அம்மாளும் அந்த வம்சம்தான். எகிப்தில் அடிமைகளாயிருந்ததை வருஷா வருஷம் நினைத்து அழுகிறவர்களும் கூட இன்னொருவனைத் தரையில் உட்கார வைக்கிறார்கள். நம் ஊர்க் கதையையும் நினைத்துக் கொண்டு நான் பேசாமல் இருந்தேன்.

போகாமல் தங்கியவர்கள் கொஞ்சம் பேர். ஜூதத் தெருவில் பூவேலை செய்த துணிகள் விற்ற சாரா கோஹன் பாட்டியம்மாள் 2019-ல் தம் 96-வது வயதில் காலமானார். கடைசிக் காலத்தில் அவரைத் தாயாகப் பார்த்துக் கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். 2024 ஆகஸ்டில் 89 வயதான க்வீனி ஹலேகுவா அம்மாளும் காலமானார். பரதேசி யூதப் பெண்களில் அவரே கடைசி. வெள்ளிக்கிழமை விளக்கை அந்தத் தெருவில் ஏற்றுவதற்கு, அந்தப் பரம்பரையில் இனிப் பெண் இல்லை.

"அப்போ எல்லாம் போயிடுச்சா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாக இல்லை. சித்திரையில் ஜெர்மனிக்குப் போகிறவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"இல்லை அத்தை. நோட்டுப் புஸ்தகம் இருந்தது" என்றாள்.

நோட்டுப் புஸ்தகம்

கொச்சி யூதப் பெண்கள் பாட்டுப் பாடுகிறவர்கள். ஆண்கள் எபிரேயத்தில் ஜெபிக்க, பெண்கள் மலையாளத்தில் கல்யாணப் பாட்டு, வேதக் கதைப் பாட்டு, கிளிப் பாட்டு எல்லாம் பாடினார்கள். பாட்டிகளும் அம்மாக்களும் அவற்றை நோட்டுப் புஸ்தகங்களில் எழுதி வைத்துக் கொண்டார்கள். இஸ்ரேலுக்குப் போனபோது பெட்டியில் அவையும் போயின. போன இடத்தில் பாலைவனத்தையும் மேட்டு நிலத்தையும் திருத்திக் கோழி வளர்த்து, பூச்செடி வளர்த்து, குழந்தைகளுக்கு எபிரேயம் படிப்பித்து நிமிரவே வருஷங்கள் ஓடிவிட்டன. பிள்ளைகளுக்கு மலையாளம் வரவில்லை. பாட்டு நின்றது. நோட்டு மட்டும் அலமாரியில் இருந்தது.

1970-களிலிருந்து பார்பரா ஜான்சன் முதலானவர்கள் வீடு வீடாகப் போய் அந்த நோட்டுகளைத் தேடினார்கள். கிழவிகள் கண்ணாடி போட்டுக் கொண்டு, எழுத்துக் கூட்டி, மறந்த மெட்டைப் பிடித்தார்கள். கேரளத்துப் பேராசிரியர் ஸ்கறியா சக்கரியா கை கொடுத்தார். 2005-ல் ஜெருசலேமில் மலையாளமும் எபிரேய மொழிபெயர்ப்புமாக ஒரு தொகுதி வந்தது. பெயர், 'கார்குழலி'. இந்தப் பெயருக்கு நமக்கு அகராதி வேண்டுமா? முதிய பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து, பிறந்த மண்ணுக்கே திரும்பி வந்து மேடையில் பாடிவிட்டும் போனார்களாம்.

மறுநாள் பஸ் ஏறி, எர்ணாகுளத்துக்கு வடக்கே சேந்தமங்கலம் போனோம். அங்கே கோயில், மசூதி, சர்ச், ஜெப ஆலயம் நான்கும் கிட்டத்தட்ட அடுத்தடுத்து இருக்கின்றன. ஆலயத்தைச் சர்க்கார் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். பெண்கள் ஏறுவதற்கென்று தனி மாடிப்படி. அதில் ஏறிப் பெண்கள் பகுதியில் நின்று பார்த்தோம். கீழே மேடை, எதிரே பெட்டகம், மரக் கூரையில் தாமரைகள். ஆள் இல்லை.

வெளியே, முன்வாசலருகில், ஒரு கல் நட்டிருக்கிறது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் அதுதான் மிகப் பழையது என்கிறார்கள். கி.பி. 1269. ராஜாவைப் பற்றியதா? இல்லை. ரப்பியைப் பற்றியதா? அதுவும் இல்லை. அது ஒரு பெண்ணின் கல்லறைக் கல். 'இஸ்ரவேலின் மகள் சாரா.' அவள் எத்தனை பஸ்காவுக்கு அரிசி பொறுக்கினாள், என்ன பாட்டுப் பாடினாள், யாருக்கும் தெரியாது. பெயர் மட்டும் 750 வருஷத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது.

கோமதி குனிந்து அந்த எழுத்துகளை விரலால் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக் கொண்டாள். எனக்கு அந்த நிமிஷத்தில் சம்பந்தா சம்பந்தம் இல்லாமல் எங்கள் வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது.

பதில்

திரும்பும்போது எர்ணாகுளம் ஸ்டேஷனுக்கு எதிரே கோமதி ஒரு தடித்த நோட்டு வாங்கினாள். ரயில் கிளம்பியதும் பேனாவை எடுத்துக் கொண்டு, "சொல்லுங்க அத்தை. முதல்லே சொதி. அப்புறம் உங்களுக்குத் தெரிஞ்ச கும்மிப் பாட்டு, தாலாட்டு எல்லாம்" என்றாள்.

சொதி சொன்னேன். இரண்டு கும்மிப் பாட்டு அரைகுறையாக வந்தது. மூன்றாவது வரவில்லை. என் மாமியாருக்கு நாற்பது பாட்டுத் தெரியும். நான் அவர்களிடம் கற்றுக் கொண்டது எதெது ஆகாது என்பதை மட்டும்தான். அது பத்திரமாக, ஒன்று விடாமல் மனப்பாடம் இருக்கிறது. இது என்ன கணக்கு என்று நினைத்தால் வெட்கமாக இருந்தது.

புனலூர் தாண்டி ரயில் மலையேறும்போது சொன்னேன்: "கோமதி, பொங்கல் அன்னிக்குக் கேட்டியே, பதினேழு பாத்திரத்தையும் எதுக்கு விளக்கணும்னு..."

"அதை விடுங்க அத்தை. நான் சும்மா கேட்டேன்."

"இல்லை, கேளு. அந்த வெண்கலப் பானையிலே ஆவுடையம்மாள்னு பேர் வெட்டியிருக்கும். உன் மாமாவோட பாட்டி, சீரா கொண்டு வந்தது. பெரிய உருளியிலே என் மாமியார் பேர். கும்பாவிலே என் பேர். எல்லாம் இந்த வீட்டுக்கு வாழ வந்த பொம்பளைங்க பேர். புளி போட்டுத் தேய்ச்சாத்தான் எழுத்துத் தெரியும். தேய்க்காம விட்டா, களிம்பு ஏறி மூடிடும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாராவது அந்தப் பேரை வாசிக்கணும்மா. அதுக்குத்தான்."

முப்பது வருஷம் விளக்கியிருக்கிறேன். இந்தக் காரணம் எனக்கே அந்த ரயிலில்தான் தெரிந்தது.

கோமதி கொஞ்ச நேரம் ஜன்னல் இருட்டைப் பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு நோட்டில் இன்னொரு பக்கத்தைப் புரட்டி, 'ஆவுடையம்மாள்' என்று எழுதி, "அடுத்தது சொல்லுங்க" என்றாள். பதினேழு பெயரும் எழுதி முடிப்பதற்குள் செங்கோட்டை வந்துவிட்டது.

விடிகாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும், என் வீட்டுக்காரர், "என்ன, சமாதான உடன்படிக்கை கையெழுத்தாச்சா?" என்றார்.

"ஆச்சு மாமா. ஒரே ஒரு ஷரத்து. சின்ன உருளி ஒண்ணு என்னோட ஜெர்மனிக்கு வரணும்" என்றாள் கோமதி. "அதுக்கு முன்னாலே அதிலே என் பேரையும் வெட்டித் தரணும்."

அன்று மத்தியானமே டவுன் பாத்திரக் கடைக்குப் போய், வாசலில் உளியோடு உட்கார்ந்திருக்கிற ஆசாரியிடம் கொடுத்து, பெயர் வெட்டி வாங்கி வந்துவிட்டார்.